இல்லாத கோயிலின் நான்கு பக்கங்கள்

காத்மாண்டுவிலிருந்து கிழக்கே 13 கிலோமீட்டரில் இருக்கிறது பக்தபூர். நேபாளம் போகும் நம்மவர்களில் பெரும்பாலோர் பசுபதிநாதரைத் தரிசித்துவிட்டு நேரே முக்திநாத்துக்கு ஏறிவிடுகிறார்கள். இந்த ஊருக்கு ஒரு நாள் ஒதுக்குகிறவர்கள் குறைவு. ஒதுக்கியவர்கள் பழைய அரண்மனைக்கு முன்னால் விரியும் தர்பார் சதுக்கத்தில் நின்றதும் சொல்வது ஒன்றுதான்: "எவ்வளவு விசாலம்!"

இந்த விசாலத்தை இங்கே ஆண்ட எந்த மல்ல அரசனும் திட்டமிடவில்லை. 1934 ஜனவரி 15 அன்று பிற்பகலில் நேபாளத்தையும் பிகாரையும் உலுக்கிய நிலநடுக்கம் உண்டாக்கிய வெற்றிடம் இது. 19ஆம் நூற்றாண்டில் இங்கு வந்தவர்கள் வரைந்த ஓவியங்களிலும் எடுத்த புகைப்படங்களிலும் இதே சதுக்கத்தில் கோயில் கூரைகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. இன்று பல இடங்களில் வெறும் தரைதான். சதுக்கத்தின் கிழக்குப் பகுதியில் சுருள் பிடரியோடு இரண்டு பெரிய கல் சிங்கங்கள் தனியே நிற்கின்றன. சிங்கம் இருந்தால் பின்னால் படிக்கட்டும், படிக்கட்டின் மேல் கோயிலும் இருக்க வேண்டும். இரண்டும் இல்லை. பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் அவற்றின் முதுகில் ஏறி விளையாடுகிறார்கள்.

இப்படிப் போன கோயில்களைக் கணினியில் திரும்ப எழுப்புகிறார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் பக்தபூருக்கு வந்தேன். சதுக்கத்தை ஒட்டிய டீக்கடை மாடியில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தார் கட்டடக்கலை படிக்கும் நேவார் இளைஞர் ஒருவர். காத்மாண்டு பள்ளத்தாக்கின் பூர்வகுடிகள் நேவார்கள். இந்தக் கோயில்களின் செங்கல்லும் மரவேலையும் அவர்கள் முன்னோர்களின் கைவண்ணம். 1934-இல் விழுந்த, மூன்றடுக்குக் கூரை கொண்ட ஒரு கோயிலை எடுத்துக்கொண்டு வேலை செய்துகொண்டிருந்தார். வேலை முடியும்வரை எந்தக் கோயில் என்று எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். இந்தியில் பேசிக்கொண்டோம்.

அவர் கையில் இருந்த முதன்மைச் சாட்சி, 1885-இல் நேபாளம் வந்த பிரெஞ்சு அறிஞர் குஸ்தாவ் லெ போன் எடுத்த படம் ஒன்று. அதற்கு முன்பே 1863-இல் கிளாரன்ஸ் கோமின் டெய்லர் என்ற ஆங்கிலேய அதிகாரி நேபாளத்தின் முதல் புகைப்படங்களை எடுத்துவிட்டார். காத்மாண்டு பிரிட்டிஷ் ரெசிடென்சியில் 1850 முதல் மருத்துவராக இருந்த ஹென்றி ஆம்ப்ரோஸ் ஓல்ட்ஃபீல்ட் வரைந்த நீர்வண்ண ஓவியங்களும், ரெசிடென்ட் பிரையன் ஹாட்ஜ்சனுக்காக ராஜ்மான் சிங் சித்ரகார் வரைந்த கோட்டோவியங்களும் இருக்கின்றன. ஓவியத்தில் ஓவியரின் கை இருக்கிறது. கூரையின் சரிவைக் கொஞ்சம் கூட்டியும் குறைத்தும் போட்டிருப்பார். புகைப்படத்தில் அந்தச் சுதந்திரம் இல்லை என்பதால் அளவெடுக்க அதுவே வாகானது.

ஒரே ஒரு பழைய படத்திலிருந்து ஒரு கட்டடத்தின் உயரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? அவர் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார். படத்தில் விழாமல் தப்பியவை எவை என்று முதலில் பார்க்கிறார். அரண்மனையின் பொன்வாயில் நிற்கிறது; சில கல் மேடைகள் நகராமல் இருக்கின்றன. அவற்றை இன்றைக்கு நாடாவும் லேசர் கருவியும் கொண்டு அளக்கிறார். அந்த அளவுகளையும் படத்தில் அவை இருக்கும் இடங்களையும் ஒப்பிட்டால், லெ போனின் கேமரா சதுக்கத்தில் எந்த இடத்தில், எவ்வளவு உயரத்தில், எந்தத் திசை பார்த்து நின்றது என்பதைக் கணக்கிட்டுவிடலாம். கேமரா நின்ற இடம் கிடைத்துவிட்டால், காணாமல்போன கோயிலின் ஒவ்வொரு மூலைக்கும் அங்கிருந்து ஒரு கோடு இழுக்கலாம். அடிமேடை எங்கே இருந்தது என்பது தரையில் தெரிவதால் அந்தக் கோடுகள் போய் முட்டும் புள்ளிகளும் கிடைக்கின்றன.

இதில் ஒரு பொறி உண்டு என்றார். எதிரே இருக்கும் ஐம்பத்தைந்து ஜன்னல் அரண்மனை பார்ப்பதற்கு நல்ல அளவுகோல்போல் தெரியும். ஆனால் 1934-இல் அதுவும் அடிபட்டது. பழுது பார்த்தபோது மேல்மாடியை மாற்றிக் கட்டினார்கள். பிற்பாடு அதையும் திருத்தினார்கள். அதன் இன்றைய உச்சியை நம்பிக் கணக்குப் போட்டால் கோயிலின் உயரம் பிசகிவிடும். ஆக, கணினியைத் திறப்பதற்கு முன் ஒவ்வொரு சாட்சியும் எப்போது, எவ்வளவு மாறியது என்ற வரலாறு தெரிந்திருக்க வேண்டும். அவர் நேரத்தில் பாதிக்கு மேல் அதற்கே போகிறதாம்.

படத்தில் தெரியும் பக்கம் இப்படிக் கிடைக்கிறது. தெரியாத பக்கத்துக்கு? அதற்கு உடன்பிறப்புகளைத் தேடிப்போகிறார். சதுக்கத்திலிருந்து இரண்டு நிமிட நடையில் தௌமாதி சதுக்கம். அங்கே 1702-இல் பூபதீந்திர மல்லன் எழுப்பிய நியாதபோல கோயில் ஐந்து கூரைகளோடு சுமார் 30 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. ஐந்து கூரைகளுக்கு ஏற்ப ஐந்து அடுக்கு மேடை. படிகளின் இருபுறமும் ஜயமல், பத்தா என்ற மல்யுத்த வீரர்கள், அவர்களுக்கு மேலே யானைகள், சிங்கங்கள், பறவைத்தலை விலங்குகள், எல்லாவற்றுக்கும் மேலே பாகினி, சிங்கினி என்ற தேவியர். ஒவ்வொரு இணையும் கீழே உள்ளதைவிடப் பத்து மடங்கு பலம் கொண்டது என்பது ஊர் வழக்கு. உள்ளே சித்திலட்சுமி, பூசாரிகள் தவிர யாருக்கும் அனுமதி இல்லை. 1934-இல் உச்சியில் மட்டும் அடிபட்டது, 2015 நிலநடுக்கத்தில் பெரிய சேதமின்றித் தப்பியது. படிகளில் ஏறி மேலே உட்கார்ந்தால் மட்பாண்டச் சதுக்கத்தின் சூளைப் புகைவரை தெரிகிறது. கீழே மண்சட்டியில் விற்கும் ஜூஜூ தௌ என்ற கெட்டித் தயிரைச் சாப்பிடாமல் யாரும் ஊரை விட்டுப் போகக் கூடாது.

நியாதபோல போன்ற பிழைத்த கோயில்கள்தான் போன கோயில்களுக்கு இலக்கணம். கூரை மேலே போகப்போக எந்த விகிதத்தில் சுருங்குகிறது, வெளியே நீளும் கூரையைத் தாங்கச் சுவரிலிருந்து சாய்வாகக் கிளம்பும் துண்டால் என்ற செதுக்குக் கட்டைகள் ஒரு பக்கத்துக்கு எத்தனை, கதவுக்கு மேல் தோரணம் எவ்வளவு சாய்ந்திருக்கும், உச்சியில் கஜூர் என்ற கலசம் எந்த அளவு என்பதற்கெல்லாம் நேவார் தச்சர்களிடம் மரபு இருக்கிறது. கட்டடக்கலைஞர் வோல்ஃப்காங் கோர்ன் 1970-களில் இந்தப் பள்ளத்தாக்கின் கட்டடங்களை அளந்து வரைந்து நூலாக்கினார். நீல்ஸ் குட்ஷோ 2011-இல் நேவார் கட்டடக்கலை பற்றி மூன்று பெரும் தொகுதிகள் கொண்டுவந்தார். அந்த இளைஞரின் மேசையில் இரண்டின் நகல்களும் ஓரம் கிழிந்து கிடந்தன.

அவருடைய மாதிரியைத் திரையில் சுழற்றிக் காட்டியபோது எனக்குப் பிடித்தது அதன் அழகு அல்ல, நிறங்கள். புகைப்படத்தில் கண்ணால் பார்க்க முடிகிற பாகங்கள் செங்கல் சிவப்பு. பிழைத்த கோயில்களைப் பார்த்து அனுமானித்தவை மஞ்சள். வேறு வழியில்லாமல் ஊகித்தவை சாம்பல். முன்பக்கம் பெரும்பாலும் சிவப்பு. பின்பக்கமும் கருவறையும் ஏறக்குறைய முழுச் சாம்பல். இப்படிப் பிரித்துக் காட்ட வேண்டும் என்பது அவர் கண்டுபிடித்த விதி இல்லை. கணினி வழி மறு உருவாக்கங்களுக்காக ஆய்வாளர்கள் வகுத்து 2009-இல் இறுதி செய்த லண்டன் சாசனமும், 2011-இன் செவில் நெறிமுறைகளும் இதைத்தான் கேட்கின்றன: எது சான்று, எது ஊகம் என்பது பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும். ஆனால் நிகழ்ச்சிகளில் காட்டப்படும் பளபளப்பான காணொளிகளில் இந்தச் சாம்பல் நிறத்தை நான் பார்த்ததே இல்லை. மாலை வெயில், பறக்கும் புறாக்கள், கோயில் மணி ஓசை எல்லாம் இருக்கும். எந்தத் துண்டால் உண்மை, எது இட்டுக்கட்டியது என்று மட்டும் சொல்ல மாட்டார்கள்.

கணினி வருவதற்கு முன்பே பக்தபூரில் இந்தச் சோதனை நடந்துவிட்டது. அரண்மனைக்கு எதிரே நிற்கும் எட்டு மூலை மண்டபமான சியாசிலின் மண்டபம் 1934-இல் விழுந்தது. 1980-களின் கடைசியில் ஜெர்மனி அளித்த நன்கொடையில், குட்ஷோவும் கட்டடக்கலைஞர் கோட்ஸ் ஹாக்முல்லரும் பழைய படங்களையும் மிஞ்சிய துண்டுகளையும் வைத்து அதைத் திரும்பக் கட்டினார்கள். உள்ளே எஃகுச் சட்டம் வைத்தார்கள், அதை மறைக்கவும் இல்லை. மரக் கட்டடத்தில் எஃகா என்று அப்போது சண்டை நடந்தது. 2015-இல் மண்டபம் அசையாமல் நின்றது. கிட்டப் போய்ப் பாருங்கள்: செதுக்கு வேலைகளுக்கு நடுவே இரும்பு வெளிப்படையாகத் தெரியும். இளைஞரின் திரையில் சாம்பல் நிறம் செய்யும் வேலையை இங்கே அந்த இரும்பு செய்கிறது.

மறுநாள் பாடன். காத்மாண்டுவிலிருந்து பாக்மதி ஆற்றைத் தாண்டினால் வந்துவிடும். இங்கே விழுந்தது 1934-இன் கோயில்கள் அல்ல. கைபேசி காலத்துக் கோயில்கள். 2015 ஏப்ரல் 25 சனிக்கிழமை, நண்பகலுக்குச் சில நிமிடங்கள் முன்பு, 7.8 அளவு நிலநடுக்கம். நேபாளத்தில் ஏறத்தாழ 9,000 பேர் இறந்தார்கள். பாடன் தர்பார் சதுக்கத்தில் 1566-இல் கட்டிய சார் நாராயண் கோயிலும், 1706-இல் யோகநரேந்திர மல்லனின் மகள் யோகமதி கட்டிய ஹரிசங்கர் கோயிலும் தரைமட்டமாயின. சித்திநரசிம்ம மல்லன் 1637-இல் முழுக்கக் கல்லால் எழுப்பிய கிருஷ்ணர் கோயில், பக்கத்திலேயே தன் இருபத்தொரு கலசங்களோடு நின்றது.

அன்றே ஊர்க்காரர்களும் படைவீரர்களும் வரிசையாக நின்று செதுக்கு மரங்களைக் கைமாற்றி அரண்மனைக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். திருடர்களிடமிருந்தும் புல்டோசர்களிடமிருந்தும் அவற்றைக் காப்பாற்றியது அந்த வரிசைதான். பிறகு காத்மாண்டு பள்ளத்தாக்குப் பாதுகாப்பு அறக்கட்டளை அவற்றை வகைபிரித்து, எண் போட்டு, ஒடிந்த தூணுக்குப் புது மரம் இணைத்து, இரண்டு கோயில்களையும் நிமிர்த்தியிருக்கிறது. பழைய சால மரத்தின் கருமையும் ஒட்டுப்போட்ட மரத்தின் வெளிறலும் இப்போதும் தனித்தனியாகத் தெரிகின்றன.

இங்கே கணினிக்கு வேறு வகை வேலை. பாடனுக்கு வந்த ஒவ்வொரு பயணியும் இந்தக் கோயில்களைப் படமெடுத்திருக்கிறார். ஒரே பொருளைப் பல இடங்களிலிருந்து எடுத்த படங்களைக் கொடுத்தால், ஒவ்வொரு படத்திலும் பொதுவாக இருக்கும் ஆயிரக்கணக்கான புள்ளிகளை மென்பொருள் அடையாளம் கண்டு, அவை எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்று கணக்கிட்டுவிடுகிறது. நமக்கு இரண்டு கண் இருப்பதால் தூரம் தெரிவதுபோல, மென்பொருளுக்கு நூறு கண். புள்ளிகள் சேர்ந்து மேகம் போலாகும். மேகத்தின் மேல் வலை பின்னி, வலையின் மேல் படத்தையே போர்த்தினால் கோயில் வந்துவிடும். படங்கள் ஒன்றின் மேல் ஒன்று பாதிக்கு மேல் படிந்திருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. ஈராக்கின் மோசூல் அருங்காட்சியகச் சிலைகள் உடைக்கப்பட்ட பின் 2015-இல் இரண்டு இளம் ஆய்வாளர்கள் தொடங்கிய, பின்னர் ரெக்ரெய் என்று பெயர் மாறிய திட்டம், பொதுமக்களின் படங்களைத் திரட்டி இந்த முறையில்தான் வேலை செய்தது. நேபாளத்துக்கும் அந்த முயற்சி நீண்டது.

படங்கள் குவிந்தாலும் குறை இருந்தது. பயணிகள் எல்லோரும் நின்றது ஏறக்குறைய ஒரே இடம். முன்பக்கம் ஆயிரம் முறை பதிவாகியிருக்கும். பின்சுவர் யாருக்கோ பின்னால் ஓர் ஓரமாகத் தெரியும். கூரையின் அடிப்பாகத்தை நிமிர்ந்து பார்த்து எடுத்தவர் அபூர்வம். மரப்பட்டறை ஒன்றில் துண்டாலுக்குக் கை செதுக்கிக்கொண்டிருந்த வயதான தச்சரிடம் இந்தக் கணினி மாதிரிகள் பற்றிக் கேட்டேன். பார்த்திருக்கிறார். தேவியின் முகம் எப்படி இருந்தது என்று அதில் தெரிகிறது, அது உதவி என்றார். "ஆனால் மரம் சுவருக்குள் எவ்வளவு போகிறது, உள்ளே எந்த ஆப்பு அதைப் பிடிக்கிறது, இதெல்லாம் படத்தில் எங்கே தெரிகிறது? கோயில் நிற்பது அதில்தானே" என்று கேட்டார்.

சிலைகள் விஷயத்தில் படத்தின் பலத்துக்குப் பாடனிலேயே சான்று உண்டு. பட்கோ பகுதியிலிருந்து 1984-இல் லட்சுமி நாராயணர் சிலை திருடுபோனது. ஓவியரும் வரலாற்றாளருமான லைன் சிங் பாங்டெல் 1989-இல் வெளியிட்ட, களவுபோன சிலைகள் பற்றிய நூலில் அதன் படமும் இருந்தது. அமெரிக்காவின் டல்லஸ் அருங்காட்சியகத்தில் இருப்பது அதே சிலைதான் என்பது நிலைநாட்டப்பட்டு, 2021-இல் நாராயணர் வீடு திரும்பினார். ஒரு தெளிவான படம் போதுமானதாக இருந்தது.

காத்மாண்டு நகரத்துக்குள் பார்த்த இரண்டு இடங்கள் இந்தக் கதையின் மறுபக்கம். ஒன்று காஷ்டமண்டபம். நகரத்தின் பெயரே இதிலிருந்து வந்தது. ஒரே மரத்தில் கட்டியது என்பது ஐதீகம். நடுவில் கோரக்நாதர், நான்கு மூலையிலும் விநாயகர். 2015 நிலநடுக்கத்தில் இது இடிந்தபோது இங்கே ரத்ததான முகாம் நடந்துகொண்டிருந்தது. வந்திருந்தவர்களில் சிலர் உயிரிழந்தார்கள். இங்கே டர்ஹாம் பல்கலைக்கழகத்தின் ராபின் கோனிங்ஹாம் குழுவினர் நேபாளத் தொல்லியல் துறையோடு சேர்ந்து தோண்டினார்கள். 12ஆம் நூற்றாண்டுக் கட்டடம் என்று நம்பப்பட்டதன் அடித்தளம் 7ஆம் நூற்றாண்டுக்குப் போனது. ஒன்பது கட்டங்கள் கொண்ட மண்டல வடிவில் அமைந்த அந்த அடித்தளம் உறுதியாகவே இருந்தது. பெரும் தூண்களில் ஒன்று, பிற்காலப் பழுதுபார்ப்புகளுக்குப் பிறகு, தன் ஆதாரக் கல்லில் சரியாகப் பொருந்தாமல் இருந்ததும் தெரியவந்தது. எந்தப் புகைப்படமும், எந்த முப்பரிமாண மாதிரியும் இதைச் சொல்லியிருக்காது. மண்வெட்டிதான் சொன்னது. மண்டபம் இன்று மீண்டும் எழுந்து நிற்கிறது.

இன்னொன்று ராணி போகரி. மகனை இழந்த அரசிக்கு ஆறுதலாகப் பிரதாப மல்லன் 1670-இல் வெட்டிய குளம். நடுவில் உள்ள பாலகோபாலேசுவரர் கோயில் முதலில் சிகர வடிவில் இருந்தது, பின்னாளில் குவிமாடமானது. 2015 வரை காத்மாண்டுவாசிகள் அறிந்ததெல்லாம் அந்தக் குவிமாடம்தான். 2015-இல் அது சேதமடைந்தபோது கான்கிரீட்டில் வேலை தொடங்கியது. ஊர் மக்கள் போராடி நிறுத்தினார்கள். கடைசியில் குவிமாடத்தை விட்டுவிட்டு மல்லர் காலத்துச் சிகர வடிவில் கட்டி, 2020-இல் திறந்தார்கள். இது கணினியில் செய்பவரும் பதில் சொல்லியாக வேண்டிய கேள்வி: கோயிலைத் திரும்பக் கொண்டுவருகிறோம் என்றால், எந்த ஆண்டின் கோயிலை? திரையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம், காலக்கோட்டை நகர்த்திப் பார்க்கலாம். தரையில் ஒன்றுக்குத்தான் இடம்.

பள்ளத்தாக்கு முழுவதும் ஒரு காலத்தில் ஏரியாக இருந்ததாகவும், மஞ்சுஸ்ரீ வாளால் சோபார் மலையைப் பிளந்து நீரை வடித்ததாகவும் இங்கே புராணம் உண்டு. புவியியலாளர்களும் ஏரி என்றே சொல்கிறார்கள். அந்த ஏரிப்படுகையின் மென்மண் நில அதிர்வைப் பெருக்கிக் கொடுக்கிறது. இந்திய நிலத்தட்டு இமயத்துக்கு அடியில் ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் வீதம் நெருக்கிக்கொண்டே இருக்கிறது. 1255, 1833, 1934, 2015 என்று நீளும் பட்டியல் முடிந்துவிடவில்லை. ஜெர்மனியின் ஹைடல்பர்க் ஆய்வாளர்கள் 2018 முதல் நேபாளத் தோழர்களோடு சேர்ந்து கோயில்களையும் மண்டபங்களையும் கல்வெட்டுகளையும் சடங்குகளையும் பதிவுசெய்து இணையத்தில் எல்லோருக்கும் திறந்து வைத்திருப்பது அதனால்தான். பெரிய கோயில்கள் மட்டுமல்ல, தெருமுனைத் திண்ணைகளும் அதில் இருக்கின்றன.

பார்த்ததையெல்லாம் வைத்து என் தீர்ப்பு இது. விழுந்த கோயிலைக் கணினியில் எழுப்புவது பயனுள்ள வேலை. ஆனால் அதன் மதிப்பு, தனக்குத் தெரியாததை எவ்வளவு நேர்மையாகச் சாம்பல் பூசிக் காட்டுகிறது என்பதில் இருக்கிறது. தச்சரின் கையும் ஊரின் அக்கறையும் இருந்த இடத்தில் கோயில் மரத்திலும் செங்கல்லிலும் திரும்பி வந்திருக்கிறது. மாதிரி அவர்களுக்குத் துணை நின்றிருக்கிறது. விழுவதற்கு முன் எடுத்த நூறு படங்கள், விழுந்த பின் ஓட்டும் எந்த மென்பொருளையும்விடப் பெரிய உதவி.

ஆகவே பயணம் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பக்தபூரோ பாடனோ, எங்கே போனாலும் கோயில் முன்னால் நின்று உங்கள் படத்தை எடுத்துக்கொண்டதும் நகர்ந்துவிடாதீர்கள். படமெடுக்க அனுமதி உள்ள இடங்களில் ஒருமுறை வலம் வாருங்கள். இரண்டிரண்டு அடிக்கு ஒரு படம், ஒன்றின் பாதிக்கு மேல் அடுத்ததிலும் தெரியும்படி எடுங்கள். பின்சுவரை விடாதீர்கள். கூரையின் அடியில் நின்று நிமிர்ந்தும் நான்கு படம் எடுங்கள். தேதியும் இடமும் குறித்து, அழிக்காமல் வைத்திருங்கள்.